பச்சைப் புள்ளி சொல்லாதது

மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் புதிதாக நிற்க வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். மருந்துகளின் பெயர்களும் அளவுகளும் இதில் வராது. அவற்றை நீங்கள் என்னைவிடச் சமீபத்தில் படித்தவர்கள். முப்பத்திரண்டு வருடம் கவுண்டரில் நின்றவன் நான். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கையில் ஒரு பிழை செய்தேன். எனக்கு மிக நன்றாகத் தெரியும் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே அது நடந்தது.

முதலில் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நாட்குறிப்பு இருக்கும். கடைப் பதிவேடுகள் வேறு, இது எனக்காக. எந்த மருந்துக்குப் பதிலாக எதைக் கொடுத்தேன், யாருக்கு, ஏன், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எழுதுவேன். வந்தவர் எப்படி இருந்தார் என்று ஒரு வரியும் சேர்ப்பேன். மழை பெய்தால் அதையும். என் மனைவி இதைப் 'பஞ்சாங்கம்' என்று கேலி செய்வாள். அந்தப் பஞ்சாங்கம்தான் கடைசியில் என்னைக் காட்டிக் கொடுத்தது.

எங்கள் கடை காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் குடும்பங்கள் பல எங்களிடம்தான் மருந்து வாங்கின. அதற்கு நான் ஒரு காரணம். கேப்ஸ்யூலின் மேலுறை ஜெலட்டினில் செய்வது. மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. அவர்கள் தொடமாட்டார்கள். தேன் கலந்த சிரப் கூடாது. பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம் கூடாது. யாரும் கேட்காமலே இதையெல்லாம் பார்த்து மாற்றிக் கொடுப்பேன். நான் மாகறல் பக்கத்துக் கிறிஸ்தவன், ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் கறிக்குழம்பு. "எங்க வூட்டு ஆசாரம் எங்களவிட சாமுவேலுக்குத்தான் நல்லா தெரியுது" என்று அந்த ஊர்ப் பெண்கள் சொல்லும்போது எனக்கு உள்ளம் குளிரும்.

பத்மாவதி அந்த ஊருக்கு வாழ வந்தவர். அப்போது வயது முப்பது இருக்கும். முசரவாக்கம் பள்ளியில் ஆசிரியை, தினமும் ஸ்கூட்டியில் போய்வருவார். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. கணவர் நெல் வியாபாரி, வாரத்தில் பாதி நாள் வெளியூர். தை மாதம் பத்மாவதிக்கு சீலியாக் நோய் என்று தெரிந்தது. கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் இந்த நோய்க்காரர்களின் உடம்பு தன் சிறுகுடலையே தாக்கும். சாப்பிடுகிற சத்து உடம்பில் ஒட்டாது. இதற்கு மருந்து கிடையாது. அந்தப் புரதத்தை ஆயுள் முழுக்க விட்டுவிடுவதுதான் வைத்தியம். நம் பக்கம் அரிது. என் கவுண்டருக்கு இந்த நோயோடு வந்த முதல் ஆள் அவர்தான்.

அவருடைய மாமியார் வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டார். கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாம் வெளியே போயின. கடையில் விற்கும் பெருங்காயத்தில் மைதா கலக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னதும் அதுவும் போயிற்று. வெங்காயம், பூண்டு சேர்க்காத வீட்டில் பெருங்காயமும் இல்லையென்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கலப்பில்லாத பால் பெருங்காயம் கிடைக்க ஒரு மாதம் ஆனது. "ரசம் வெந்நி மாதிரி இருந்துது தம்பி. ஆனா ஒருத்தர் வாயத் தொறக்கலை" என்றார் அந்த அம்மா.

பலன் தெரிந்தது. சித்திரைக்குள் வயிற்றுப்போக்கு நின்றது, எடை கொஞ்சம் ஏறியது. சோர்வு மட்டும் போகவில்லை. கடைக்கு வந்தால் பத்மாவதியின் கண் முதலில் தேடுவது கவுண்டருக்கு வெளியே இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலைத்தான். உட்கார்ந்த பிறகுதான் பேச்சு. என் நாட்குறிப்பில் அந்த மாதங்களில் திரும்பத் திரும்ப ஒரே வரி இருக்கிறது: 'ப. வந்தார். உட்கார்ந்தார்.'

ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று டாக்டர் ஒரு கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். வைகாசி மாதம், கருட சேவைக்கு முந்தின நாள், மாலை ஐந்தரை மணி. ஊர் முழுக்க வெளியூர்க் கூட்டம், கவுண்டரில் பத்துக் கைகள் நீண்டிருந்தன. சீட்டைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, ஜெலட்டின். டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. இரும்பும் வைட்டமின்களும் சேர்ந்த ஒரு சத்துப் பவுடரை எடுத்தேன். டப்பாவின் முகப்பில் சைவம் என்பதற்கான பச்சைப் புள்ளி. பின்பக்கத்தையும் ஓட்டமாகப் பார்த்தேன். ஜெலட்டின் இல்லை, தேன் இல்லை, பூச்சிச் சாயம் இல்லை. "இது உங்களுக்கு ஆவும்மா, பால்ல கலக்கிச் சாப்பிடுங்க" என்றேன். அன்றைய குறிப்பு: 'ப.: கேப்ஸ்யூல் ஆகாது. பதில் பவுடர். பச்சைப் புள்ளி பார்த்தேன்.'

அந்தக் கடைசி மூன்று சொற்களை எழுதும்போது நிச்சயம் எனக்குள் ஒரு திருப்தி இருந்திருக்கும்.

ஆடியில் அவர் மெலிந்து தெரிந்தார். வயிறு உப்புசம், பள்ளியில் இரண்டாம் பீரியடுக்கே கண் செருகுகிறது என்றார். ஒருநாள் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மரத்தடியில் கால்மணி நேரம் தூங்கிவிட்டாராம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பவுடரை விடாம சாப்பிடுங்கம்மா."

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, காலை பதினொன்றரை மணி. பத்மாவதி வந்தார்.

"கொஞ்சம் உக்காந்துக்கறேன் சார்."

"உக்காருங்கம்மா. சீட்டைக் கொடுங்க."

சீட்டில் இருந்தது குடலைக் கழுவும் மருந்து. திங்கட்கிழமை காலை சென்னையில் ஒரு மருத்துவமனையில், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப் என்றார்.

"மறுபடியுமா? தையிலதானே பார்த்தாங்க?"

"இந்த வாட்டி மேலயும் கீழயும். கோதுமைய நிறுத்தி எட்டு மாசம் ஆவுது, ரத்தத்துல இந்த நோயைக் காட்டற நம்பர் இன்னும் சரியான அளவுக்கு வரலையாம். நடுவுல இறங்கினது மறுபடி ஏறியிருக்குதாம். ஒண்ணு, நான் யாருக்கும் தெரியாம எதையோ சாப்பிடறேன். இல்லன்னா குடல்ல வேற ஏதோ கெட்டது வளருது. ரெண்டுல ஒண்ணுதான்னு டாக்டர் சொல்றாங்க." ஸ்டூலில் இருந்தபடியே ஷட்டர் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "திருடின்னு பேர் வாங்கறதே மேல்னு தோணுது சார். இன்னொண்ணுன்னா என் பொண்ணு என்னா பண்ணுவா?"

"வூட்டுல என்ன சொல்றாங்க?"

"அவரு என் ஸ்கூல் பையைத் தொறந்து பார்க்கறாரு. பப்ஸ் கிப்ஸ் இருக்குதான்னு." சிரிக்கப் பார்த்தார். "அத்தை மட்டும் நம்பறாங்க. நோன்பு பத்து நாளும் நீ நல்லா இருந்தே, பகவான் கைவிட மாட்டார்னு சொல்லிக்கினே இருக்காங்க."

அந்த நோன்பு எனக்குத் தெரியும். ஆவணியில் பத்து நாள், பகலில் ஒரே வேளைச் சாப்பாடு.

"நெஜமாவே நல்லா இருந்தீங்களா? ஒரு வேளை சாப்பிட்டுக்கினு?"

"எனக்கே ஆச்சரியம்தான் சார். கடைசி ரெண்டு நாள் பாப்பாவைத் தூக்கிக்கினு மாடி ஏறினேன். வயிறு லேசா இருந்துது. நோன்பு முடிஞ்சு பத்துப் பதினைஞ்சு நாள்ல பழைய குருடி."

சாப்பாடு குறைந்ததால் வயிறு லேசானது என்றுதான் நானும் நினைத்தேன். ஏதோ ஒரு பழக்கத்தில் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"அந்தப் பத்து நாளும் மருந்து?"

"எதையும் தொடலை. பவுடர் டப்பா மூடியே தொறக்கலை."

வேறு எதையோ எடுக்கப் போகிறவனைப் போல அலமாரிக்குப் போனேன். அதே பவுடர் நாலு டப்பா வரிசையாக இருந்தது. முகப்பில் பச்சைப் புள்ளி பளிச்சென்று இருந்தது. திருப்பினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பொடி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். மூன்றாவதாக இருந்தது மால்ட் எக்ஸ்ட்ராக்ட். மால்ட் என்பது பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. இதை நான் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியிருக்கிறேன். வைகாசியில் இதே வரியின் மேல் என் கண் போயும் இருக்கிறது. ஆனால் அன்று என் கண் உயிரினத்தை மட்டும் தேடியது. அது இல்லை என்றதும் நின்றுவிட்டது. கோதுமை ஆகாதவர்களுக்கு என்று ஒரு தடவையும் ஜைனர்களுக்கு என்று ஒரு தடவையும், இரண்டு தடவை படிக்க வேண்டிய டப்பாவை ஒரே தடவை படித்திருக்கிறேன்.

பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன். பவுடர் கொடுத்தது வைகாசி. உப்புசம் என்று சொன்னது ஆடி. நடுவில் ஆவணியில் பத்து நாள் தெளிவு. பிறகு மறுபடியும் 'உட்கார்ந்தார், உட்கார்ந்தார்.' எல்லாம் என் கையெழுத்தில்.

"அம்மா, அந்தப் பவுடரை இன்னிக்குச் சாப்பிடாதீங்க. இந்தக் கழுவற மருந்தும் இப்ப வாங்க வேணாம். சாயங்காலம் நானே வூட்டுக்கு வந்து ஏன்னு சொல்றேன்."

"ஏன் சார், டேட் முடிஞ்சிடுச்சா?"

"சாயங்காலம் சொல்றேன்மா."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உறுதி செய்யவும் செய்தேன். டப்பாவில் இருந்த எண்ணுக்கு ஃபோன் போட்டேன்.

"ப்யூர் வெஜ் சார், தைரியமா சாப்பிடலாம்" என்றது ஒரு பெண் குரல்.

"வெஜ்ஜான்னு கேக்கலைங்க. இந்த மால்ட்டை எதுல இருந்து எடுக்கறீங்க?"

"செடியில இருந்துதான் சார்."

"எந்தச் செடிங்க?"

பத்து நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்துவிட்டு ஒரு ஆண் குரல் வந்து பார்லி என்றது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் நெசவுக் குடும்பத்திலிருந்து வந்து மருந்துக்கடை வைத்தவர். பேச்சில் தறி வந்துவிடும். "பாவுல ஒரு இழை அறுந்தா முடிச்சுப் போட்டுட்டு நெய்யறதுதானே? சேலை வாங்க வந்தவங்ககிட்ட இங்கதான் அறுந்துதுன்னு விரல வெச்சுக் காட்டுவாங்களா? பவுடரை நிறுத்தச் சொல்லுங்க, வேற ஏதாவது கொடுங்க. புகார் கிகார்னு போனா கடை லைசென்ஸ் என்னா ஆவறது?"

அவர் சொன்னதில் எனக்கும் ஆசை இருந்தது. அதை மறைக்க மாட்டேன். சும்மா 'நிறுத்துங்க' என்று மட்டும் சொன்னால் பவுடர் நின்றுவிடும், என் பெயரும் கெடாது. ஆனால் திங்கட்கிழமை அந்த ஸ்கோப் நடக்கும். பார்லியால் புண்ணான குடலைப் பார்த்துவிட்டு, இவர் எதையும் சாப்பிடவில்லை, அப்படியும் புண் ஆறவில்லை, அப்படியென்றால் இது பத்தியத்துக்கும் அடங்காத மோசமான வகைதான் என்று ஒரு மருத்துவர் எழுதுவார். அதற்கான கடுமையான மருந்துகள் தொடங்கும். பாதி உண்மை அவரைக் காப்பாற்றாது.

"திங்கக்கிழமை அறுந்த இடத்தைப் பார்த்துட்டு இந்தச் சேலையே மட்டம்னு சொல்லிடுவாங்க மொதலாளி" என்றேன்.

அவர் சாவியை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். "என் வண்டிய எடுத்துக்கினு போங்க. பெட்ரோல் இருக்குது."

திருப்பருத்திக்குன்றம் போய்ச் சேரும்போது மணி ஐந்தேகால். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு. கூடத்தில் பத்மாவதியும் குழந்தையும் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்.

"வாங்க தம்பி, சரியான நேரத்துக்கு வந்தீங்க. உக்காருங்க, ரெண்டு தோசை. அரிசி தோசைதான், பயப்படாதீங்க."

நான் உட்காரவில்லை. டப்பாவைக் கீழே வைத்தேன், பின்பக்கம் மேலே தெரியும்படி. பக்கத்தில் நாட்குறிப்பை, வைகாசிப் பக்கத்தைத் திறந்து. நின்றபடியே சொன்னேன். டாக்டர் எழுதியது வேறு, நான் மாற்றியது இது, இதில் பார்லி இருக்கிறது, நான் கவனிக்கவில்லை, டாக்டரைக் கேட்கவும் இல்லை. நாலு மாதமாக நீங்கள் தினமும் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டது என் கையால் வந்தது. வழியில் ஒத்திகை பார்த்த வேறு வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

குழந்தை தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"அப்போ நான் திருடலை" என்றார் பத்மாவதி.

"இல்லைம்மா."

"வேற எதுவும் வளரலை?"

"அதை டாக்டர்தான் சொல்லணும். ஆனா காரணம் இதுவா இருக்கறதுக்குத்தான் நெறைய வாய்ப்பு."

அவர் அழுதார். எச்சில் கையோடு, முகத்தைத் துடைக்கக்கூட முடியாமல். பிறகு எழுந்து கை கழுவிவிட்டு, கணவருக்கு ஃபோன் போட்டு, "இனிமே என் பையைத் தொறக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டு விழும் என்று காத்திருந்தேன். "எங்க ஆசாரத்தைக் காப்பாத்தறேன்னு எங்க பொண்ணைக் கவுத்துட்டீங்களே தம்பி" என்றார். அது திட்டுதான். ஆனால் 'எங்க பொண்ணு' என்று சொன்னது பத்மாவதியின் காதில் விழுந்ததை நான் பார்த்தேன். அந்த அம்மா மூச்சு விட்டுவிட்டுத் தொடர்ந்தார்: "நோன்போட பலன்தான்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கினு மாத்திச் சொல்றது?"

"மாத்த வேணாம்மா. நோன்பு இல்லன்னா அந்த டப்பா மூடியிருக்காது. மூடலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அவர் கரண்டியால் என்னைக் காட்டி, "இப்பவாவது உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். தோசை இறங்கியது.

அங்கிருந்தே டாக்டருக்கு ஃபோன் செய்தோம். வயிற்று நோய்க்கான டாக்டர், என்னைவிட இருபது வயது சின்னவர். முழுக்கக் கேட்டார்.

"மாத்தறப்ப ஏன் என்னைக் கூப்பிடலை?"

"கூப்பிட்டிருக்கணும் மேடம்."

"ஆமா. எந்தத் தேதியில ஆரம்பிச்சுது, எப்ப நின்னுது, எல்லாம் இருக்கா உங்ககிட்ட?"

"இருக்குது மேடம்."

"எழுதி அனுப்புங்க. சென்னைக்கு இப்ப போக வேணாம், நான் அங்க பேசிக்கறேன். பவுடர் நிக்கட்டும். ஆறு வாரத்துல ரத்தம் பார்ப்போம். நடுவுல எடை இறங்கினா, ரத்தப்போக்கு இருந்தா, ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாம வரணும்." பிறகு குரல் இறங்கியது. "சொன்னதுக்கு தேங்க்ஸ் சார்."

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. உப்புசம் இரண்டு வாரத்தில் அடங்கியது, சோர்வு அப்படியே இருந்தது. ஐப்பசி முழுக்க நான் பயந்துகொண்டிருந்தேன். குடல் புதிதாக வளர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பொறுக்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர். அந்த மாதிரிப் பொறுக்க முடியாத நேரத்தில்தான் ஆளாளுக்கு ஒரு டப்பா கொண்டுவருவார்கள். ஒருவர் கோதுமைப் புல் பொடி கொடுத்தார். இன்னொருவர் சத்துமாவு, பெயரே இல்லாத பாக்கெட்டில். பத்மாவதியின் சகோதரி ஊரிலிருந்து வைட்டமின் மாத்திரைகள் அனுப்பினார். பத்மாவதியின் மாமியார் எல்லாவற்றையும் ஒரு கட்டைப் பையில் போட்டு என் கவுண்டரில் கொண்டுவந்து கொட்டினார். ஒவ்வொன்றாகப் படித்தோம். இரண்டில் ஒரே வைட்டமின் டி இருந்தது. வாரம் ஒன்று போட வேண்டியதை தினம் ஒன்று என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நல்லவேளை, இன்னும் தொடங்கவில்லை. மூன்றில் என்ன இருக்கிறதென்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ரத்தத்தில் எது குறைவு என்று பார்த்து அதை மட்டும் டாக்டர் கொடுத்தார். இரும்புச்சத்தை ட்ரிப்பாக ஏற்றினார். உறை பற்றிய கவலையும் இல்லை, மாவு பற்றிய கவலையும் இல்லை.

அந்தப் பிழைக்குப் பிறகு நான் மூன்று விஷயங்களை மாற்றிக்கொண்டேன். 'உங்களுக்கு எது ஆகாது?' என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைத்ததும் நிறுத்தாமல், 'வேற?' என்று கேட்பேன். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு 'ஆகாது'வுக்கும் டப்பாவைத் தனித்தனியாக, முதலிலிருந்து படிப்பேன். ஒரு அடையாளம் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். பச்சைப் புள்ளி பொய் சொல்லவில்லை, நான் அதனிடம் கேட்காத கேள்விக்கும் அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன். சோர்வு போகவில்லை என்று ஒருவர் மறுபடி வந்தால், 'விடாம சாப்பிடுங்க' என்று சொல்வதற்கு முன், நான் கொடுத்ததிலேயே ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். நீங்களும் பாருங்கள். சந்தேகம் முதலில் நம் அலமாரியின் மேல் விழட்டும். தவறு நம்முடையது என்றால் ஃபோனில் சொல்லாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள். என்னைப்போல மாலை வரை இழுக்காதீர்கள்.

கார்த்திகையில் ரத்தத்தில் அந்த எண் இறங்கத் தொடங்கியது. மார்கழியில் பத்மாவதி ஸ்கூட்டியை வழியில் எங்கும் நிறுத்தாமல் பள்ளிக்குப் போனார். தை மாதம், பொங்கல் கழிந்த முதல் வெள்ளி, மாலை நாலரை மணி. எண் கிட்டத்தட்டச் சரியான அளவுக்கு வந்துவிட்டது, சென்னை ஸ்கோப் இனி வேண்டாம் என்று டாக்டர் எழுதிய சீட்டோடு மருமகளும் மாமியாரும் குழந்தையோடு வந்தார்கள். குழந்தைக்கு இருமல், அதற்கு ஒரு சிரப் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். மாமியார் வாங்கி, முகப்பைப் பார்க்காமல் நேராகத் திருப்பினார்.

"கண்ணாடியக் கொடுங்க தம்பி, எழுத்து பொடியா இருக்குது."

என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடிக்கும் வரை, பத்மாவதி பள்ளியில் பிள்ளைகள் செய்த குறும்பு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே அவரே சிரித்தார். முதலாளியும் பில் மிஷினை விட்டுவிட்டுக் கேட்டார். கால்மணி நேரம் இருக்கும்.

அவர்கள் போன பிறகு நாட்குறிப்பை எடுத்து எழுதினேன்: 'ப. வந்தார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தார். ஸ்டூல் காலியாகவே இருந்தது.'